ஊருணி ஏன் ஆழமாக இருக்கிறது?

மாணவர்களே, 1998இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் நடந்த நீர்ப் பங்கீட்டைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வாளிகளோடு தண்ணீர் லோரிக்குக் காத்திருந்த கதைகள் கிடைக்கும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் இடத்திலேயே இந்த நிலை! அப்படியானால், மூன்று மாதம் மட்டுமே மழை வலுக்கும் தமிழ்நாட்டு இராமநாதபுரத்தில் மீதி மாதங்களில் எதைக் குடித்தார்கள்?

அங்கே பல ஊர்களில் கிணற்று நீர் உவர்ப்பு. அதனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையை ஊருணியில் தேக்கினார்கள். ஊருணி என்பது குடிநீருக்கென்றே வெட்டிய குளம். திருக்குறளிலும் இச்சொல் வருகிறது. அடியிலுள்ள களிமண் நீரை எளிதில் கசிய விடாது. ஆனால் மேலே வெயில் காய்கிறதே!

ஒரு கணக்குப் போடுவோம். 8,000 கன மீட்டர் நீரை 2 மீட்டர் ஆழத்தில் தேக்கினால் மேற்பரப்பு 4,000 சதுர மீட்டர். 4 மீட்டர் ஆழமானால் 2,000தான். நாளுக்கு 5 மி.மீ. ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் குளம் 20,000 லிட்டரை இழக்கும். இரண்டாவது 10,000 லிட்டரை. நூறு நாளில் வேறுபாடு ஒரு மில்லியன் லிட்டர்!

ஊருணி நீர் கலங்கலாக இருக்கும். பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துவிட்டு நீர் ஊற்றினால், களிமண் துகள்கள் ஒன்றுசேர்ந்து அடியில் படியும். சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் செய்வதும் இதே வேலைதான். கிருமி போக, கொதிக்க வைத்தே ஆக வேண்டும்.

ஈரானின் பாலைவன நகரமான யாஸ்டில் நிலத்தடியில் தொட்டி கட்டி, குவிமாடத்தால் மூடிவிட்டார்கள். பெயர் 'ஆப் அன்பார்'. வெயில் படாது, இருட்டில் ஒளிச்சேர்க்கை இல்லாததால் பாசியும் வளராது. பக்கத்தில் நிற்கும் காற்றுக் கோபுரங்கள் வறண்ட காற்றை உள்ளே ஓடவிடும். சிறிதளவு நீர் ஆவியாகி, மீதி நீரின் வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். 1 கிலோ நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வேண்டும். அவ்வளவு வெப்பத்தை இழந்தால் 57 கிலோ நீர் 10 பாகை செல்சியஸ் குளிர்ந்துவிடும்.

பிரிக்பீல்ட்ஸில் அப்படியொரு கோபுரம் கட்டினால்? பெரிதாகக் குளிராது. நம் காற்றில் ஏற்கெனவே நீராவி மிகுதி. ஆவியாதல் மெதுவாகவே நடக்கும். நமக்குப் பயன்படுவது அந்த மூடிதான், அதுவும் ஏடிஸ் கொசுவுக்காக. மழைநீர்த் தொட்டியில் இடைவெளி இருந்தால் வலை கட்டுங்கள். திறந்த வாளியின் உட்புறத்தை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் அங்கேதான் ஒட்டியிருக்கும்.