வாய்க்கரிசி

அன்புள்ள மருமகனே,

வாட்ஸ்அப்பில் நீ எழுதியதற்குக் கடிதத்தில்தான் பதில் சொல்ல வருகிறது. அண்ணிக்கு மூக்குக்குழாய் எடுத்துவிட்டார்கள் என்பது நிம்மதி. ஏர் பெட் இருக்கிறதே என்று இருந்துவிடாதே. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வை.

"உனக்குத்தான் பெண்டாட்டி பிள்ளை இல்லையே, நீ பார்த்துக்கொள்" என்றானாமே உன் அண்ணன். 1994இல் உன் அப்பா என்னிடம் சொன்னதும் இதேதான். (போனவரைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். நான் சொல்வேன்.) ஒன்பது வருஷம் என் அம்மாவைப் பார்த்தேன். பெண் என்பதால் பாதி, கழுத்தில் தாலி ஏறாதவள் என்பதால் மீதி. என் சிநேகிதி கூடவே இருந்து பீத்துணி அலசினாள். அம்மாவை எடுத்த அன்று வாய்க்கரிசி போட உறவுக்காரர்களைப் பேர் சொல்லி அழைத்தார்கள். அவளை யாரும் அழைக்கவில்லை. வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். நானும் அழைக்கவில்லை என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

உன் கதை கொஞ்சம் வேறு. 2024இல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில், வீட்டாரைப் பராமரிக்கிற பெண்கள் நாளுக்கு 140 நிமிடமும் ஆண்கள் 74 நிமிடமும் செலவிடுகிறார்கள். அதனால் ஆண்பிள்ளை பெட்பேன் பிடித்தால் தெருவே மெச்சும். மாதாமாதம் ஓடி வருகிற உன் அக்காவை எவரும் மெச்சமாட்டார்கள். கிடைக்கிற புகழில் அவளுக்கும் பங்கு கொடு.

ஆனால் என் பயம் வேறு. உன்னைப் பற்றிய விஷயத்தைச் சொன்னதற்கு அண்ணி மூன்று வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது உன் கையால் கஞ்சி குடிக்கிறார். அந்தக் கஞ்சியை நீ அபராதமாகக் கட்டுகிறாயோ என்று தோன்றுகிறது. நீ தப்புச் செய்யவில்லையடா. அம்மா என்பதால் பார், போதும்.

2007ஆம் வருஷத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் மகன், மகள் என்றுதான் சொல்கிறது. கல்யாணமாகாத மகன் என்று சொல்லவில்லை. உன் அண்ணனுக்கு வாசித்துக் காட்டு. வழக்குக்குப் போகச் சொல்லவில்லை. நர்ஸுக்கும் பிசியோவுக்கும் ஆகும் செலவை ஒரு நோட்டில் எழுதி மாதா மாதம் அவனுக்கு அனுப்பு. நீ விட்ட சம்பளத்தையும் அதிலேயே எழுது. அதை எழுதக் கூச்சமாக இருக்கும், எழுது.

ராத்திரி முறை பார்க்கிற உன் ஆளை ஆஸ்பத்திரியில் 'நண்பர்' என்று எழுதினாயாம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உங்கள் கல்யாணத்துக்கு வழிவிடவில்லை, சரி. வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கவும் துணையை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகமே சொல்லிவிட்டதே. அதையாவது செய்தாயா?

ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். நீங்கள் இரண்டு பேரும் எங்காவது போய்வாருங்கள். திரும்பும்போது டயபர் பாக்கெட் வாங்கி வா. எக்ஸ்எல். போனமுறை எல் வாங்கிவிட்டாய்.

அத்தை