பாடத்திட்டத்திற்கும் மராமத்து வேண்டும்

நாஞ்சில் நாட்டு உழவருக்குக் குளத்தின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை 1906-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் கால்வாயில் வண்டல் படிந்துவிட்டால் கடைமடை வயலுக்குக் கன்னிப்பூவிலும் நீர் எட்டாது, கும்பப்பூவிலும் எட்டாது. வெட்டுவது ஒரு தடவை. தூர் வாருவதோ ஆண்டுதோறும் செய்ய வேண்டிய பணி. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கணினிப் பாடத்திட்டங்களின் நிலையும் இதுவேயாகும்.

கல்லூரிக்குச் செல்ல வசதியற்றோர் தாமே கற்பதற்கென ஏற்பட்டவை இவை. 2014-இல் தொடங்கிய ‘ஓப்பன் சோர்ஸ் சொசைட்டி யுனிவர்சிட்டி’ என்னும் முயற்சி புதிதாகப் பாடம் எழுதுவதில்லை. பல்கலைக்கழகங்கள் வழங்கும் பாடங்களைப் பொறுக்கியெடுத்து, எதன் பின் எதைப் படிப்பது என வரிசைப்படுத்துகிறது. தமிழில் 2012 முதல் ‘கணியம்’ மின்னிதழ் இத்துறையில் தொண்டாற்றி வருகிறது. து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்’ போன்ற நூல்கள் அதன்வழி வந்தவை. இவற்றை எவரும் படியெடுக்கலாம், திருத்தலாம் என்ற அனுமதி உண்டு. திருத்தும் உரிமை இல்லாத பாடத்தை மராமத்துச் செய்வது எங்ஙனம்?

தெரிசனங்கோப்பில் ஓர் இளைஞர் பைத்தான் மொழியைத் தனியே கற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையிலுள்ள பாடமோ பழைய இரண்டாம் பதிப்பிற்கு எழுதப்பட்டது. அப்பதிப்பிற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் நாளோடு நின்றுவிட்டது. பழைய முறையில் அச்சிடும் கட்டளைக்கு அடைப்புக்குறி வேண்டியதில்லை. மூன்றாம் பதிப்பிலோ அது இன்றியமையாதது. ஆகவே முதல் வரியிலேயே பிழை எனக் கணினி மறுக்கும். வகுப்பறையாயின் ஆசிரியர் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். தனித்துக் கற்பவரோ குற்றம் பாடத்தில் என்று எண்ணமாட்டார்; தமக்கு அறிவு போதாது என்று முடிவு கட்டிவிடுவார். இதனினும் பெரிய இழப்பு வேறில்லை.

பாடம் அடியோடு மறைவதும் உண்டு. 2016 ஜூன் இறுதியில் கோர்ஸெரா நிறுவனம் தன் பழைய தளத்தை மூடியபோது, அங்கிருந்த பல பாடங்கள் புதிய தளத்திற்கு வராமலே நின்றன. அவற்றைச் சுட்டிய திட்டங்களெல்லாம் மாற்றுத் தேட நேர்ந்தது.

மாற்றுவதிலும் நிதானம் தேவை. நடுவிலுள்ள பாடம் ஒன்றை எடுத்தால், அடுத்த பாடம் எதிர்பார்க்கும் அறிவு விடுபட்டுப் போகலாம். பாதி வழி வந்தவர் திகைப்பார். ஆதலின் மாற்றத்தின் காரணத்தை எழுதி வைத்து, பலர் கருத்தையும் கேட்ட பின்னரே செய்தல் முறை. புதியது எதைக் கண்டாலும் சேர்த்துவிடும் ஆசையும் ஆகாது. நெல்லுக்குப் பாயும் நீரைக் களைக்கும் பாய்ச்சுவது போலாகும் அது.

இப்பணிக்குப் பேரறிஞர்தாம் வேண்டும் என்பதில்லை. இணைப்பு அறுந்ததை இயந்திரமே கண்டுபிடிக்கும். விளக்கம் புரியவில்லை என்பதைக் கற்பவர்தாம் சொல்ல முடியும். ஊர் நூலகத்தில் நாலைந்து இளைஞர் மாதம் ஒரு நாள் கூடி, ஆளுக்கொரு பாடத்தைச் செய்து பார்க்கலாம். பிழை கண்டால் எந்தப் பாடம், எந்த வரி, தாம் தட்டியது என்ன, திரையில் வந்தது என்ன, கணினியில் உள்ள பதிப்பு யாது என்னும் விவரங்களைக் குறித்துத் திட்டத்தை நடத்துவோருக்கு அனுப்புக. ‘ஓடவில்லை’ என்று மட்டும் எழுதினால் எந்த மடை அடைத்தது என்று அவர்களுக்கு விளங்காது.