குறைமாத நாய்க்குட்டி: முதலில் சூடு, பிறகு பால்

நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். இணைசேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 58 முதல் 68 நாள் வரை முன்பின்னாகும்; விந்து தாயின் உடலில் சில நாட்கள் உயிரோடு இருப்பது இதற்கு ஒரு காரணம். அதனால் நாட்கணக்கை மட்டும் நம்பாமல் குட்டியைப் பார்த்தே குறைமாதமா என்று முடிவு செய்ய வேண்டும். பாதத்திலும் முகத்திலும் மயிர் அரிதாக இருப்பதும், தோல் இளஞ்சிவப்பாகத் தெரிவதும், வாயில் விரல் வைத்தாலும் உறிஞ்சாததும் குறைமாதத்தின் அடையாளங்கள். நுரையீரல் முதிராத குட்டி எவ்வளவு பாடுபட்டாலும் தப்புவது அரிது. மூச்சு ஓரளவு சீராக ஓடும் குட்டியைக் காப்பாற்ற முடியும்.

பல குட்டிகள் பசியால் அல்ல, குளிர்ந்து கிடக்கும்போது பால் ஊற்றப்படுவதால் சாகின்றன. வெப்பமான ஊர்களிலும் இது நடக்கும். திருகோணமலை உள்துறைமுகத்தை ஒட்டிய ஓர்ஸ் ஹில்லில், அதாவது உவர்மலையில், கச்சான் காற்று வீசும் மாதங்களில் மனிதருக்கு வியர்வை ஓயாது. அந்த வெக்கையிலும் குட்டி குளிர்ந்துபோகும். பிறந்த முதல் வாரத்தில் நாய்க்குட்டிக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. குறைமாதக் குட்டிக்குத் தோலுக்கடியில் கொழுப்பும் இல்லை. சீமெந்துத் தரை, மின்விசிறி, ஈரம் துடைக்காத உடல், இந்த மூன்றும் போதும். வாடைக்காற்றும் மழையும் சேர்ந்த மார்கழி இரவென்றால் சொல்லவே வேண்டாம்.

குட்டியின் உடல்வெப்பத்தைக் குழந்தைகளுக்கான டிஜிட்டல் வெப்பமானியால் ஆசனவாயில் பார்க்க வேண்டும். நுனியில் தேங்காயெண்ணெய் தடவி, ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் செலுத்தாமல் பிடிக்க வேண்டும். முதல் வாரத்தில் 35 முதல் 37 பாகை செல்சியஸ் வரை சரியான அளவு. 35க்குக் கீழே இருந்தால் ஒரு சொட்டுப் பாலும் கொடுக்கக் கூடாது. குளிர்ந்த குட்டியின் குடல் அசையாது. உள்ளே போன பால் அங்கேயே தங்கிப் புளித்து வயிறு உப்பும், மேலே எதுக்களித்து நுரையீரலுக்குள் இறங்கும். குளிர்ந்த குட்டியைத் தாய் மூக்கால் ஓரத்துக்குத் தள்ளிவிடுவதும் உண்டு. அதைப் பாசமின்மை என்று எண்ணித் திரும்பத் திரும்ப முலையில் வைப்பது வீண் வேலை.

சூடேற்றுவதில் அவசரம் ஆகாது. சுடுதண்ணீரில் அமிழ்த்துவதும், ஹெயார் டிரையரை நேரே பிடிப்பதும் தோலைச் சுடும். பலவீனமான இதயம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் மெல்ல ஏற வேண்டும். மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கைகொடுப்பது வெந்நீர்ப் போத்தல்தான். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் நிரப்பி, துவாயில் இரண்டு சுற்றுச் சுற்றி, மட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டும். மறுபக்கம் வெறுமையாக இருக்கட்டும். நகர முடியாத குட்டியை அரை மணிக்கொருமுறை தொட்டுப் பார்த்து இடம் மாற்ற வேண்டும். பெட்டிக்குள், குட்டி கிடக்கும் மட்டத்தில், 30 முதல் 32 பாகை போதும். மின்குமிழ் பயன்படுத்தினால் காற்று உலரும். பக்கத்தில் ஈரத்துணி தொங்கவிடுவது நல்லது. சூடேறும் வேளையில் குளூக்கோஸ் கரைசலை ஈறில் ஒரு துளி தடவலாம், ஊற்றக் கூடாது.

உடல் சூடானதும் முதலில் தாயின் சீம்பால். நோயெதிர்ப்புப் பொருட்களைக் குட்டியின் குடல் முதல் நாளில் மட்டுமே நன்றாக உள்வாங்கும். அதனால் உறிஞ்ச முடியாத குட்டிக்குத் தாயிடமிருந்து கையால் பிழிந்தாவது சில துளி கொடுக்க வேண்டும்.

தாய்ப்பால் போதாதபோது நாய்க்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மா தேவை. பசுப்பாலில் புரதமும் கொழுப்பும் நாய்ப்பாலில் உள்ளதில் பாதிகூட இல்லை. அதில் தண்ணீரும் கலப்பது குட்டியைப் பட்டினி போடுவதற்குச் சமம். பால்மா கிடைக்கும்வரை, ஒரு நாளைக்கு மட்டும், முட்டை மஞ்சட்கரு கலந்த கொழுப்பு நீக்காத பாலால் சமாளிக்கலாம்.

குட்டியை வயிறு கீழே இருக்க, தலை சற்று உயர்ந்திருக்க வைத்துத்தான் ஊட்ட வேண்டும். குழந்தையைப் போல் மல்லாத்தினால் பால் மூச்சுக்குழலுக்குப் போய்விடும். ஊசி கழற்றிய ஒரு மில்லிலீற்றர் சிரிஞ்சில் துளித்துளியாக, விழுங்கிய பிறகே அடுத்த துளி. மூக்கில் பால்நுரை வந்தால் நிறுத்தித் தலையைத் தாழ்த்த வேண்டும். 100 கிராம் எடைக்கு ஒருவேளை 3 முதல் 4 மில்லிலீற்றர் உச்ச அளவு. குறைமாதக் குட்டிக்குப் பாதியில் தொடங்கி, இரவிலும் இரண்டு மணிக்கொருமுறை ஊட்ட வேண்டும். உறிஞ்சவே முடியாத குட்டிக்குக் குழாய்வழி ஊட்டலாம். ஆனால் அதை மிருக வைத்தியரிடம் நேரில் பழகாமல் செய்யக் கூடாது.

ஒவ்வொரு ஊட்டலுக்குப் பின்னும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மெல்லத் துடைத்தால்தான் சிறுநீரும் மலமும் இறங்கும். தாய் நக்கிச் செய்யும் வேலை இது. தொப்புளுக்கு அயடின் கரைசல். சிறுநீர் கடும் மஞ்சளானால் நீர் போதவில்லை.

சமையல் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறிக்க வேண்டும். முதல் நாள் சற்றுக் குறையலாம். அதன்பின் தினமும் ஏற வேண்டும். ஏறாத எடை, ஓயாத முனகல், மூச்சு வாங்குதல், உப்பிய வயிறு, இவற்றில் எதைக் கண்டாலும் அன்றே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். போகும் வழியிலும் வெந்நீர்ப் போத்தல் பெட்டிக்குள் இருக்க வேண்டும். ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில் குட்டி தானாகவே கழிக்கத் தொடங்கும். அதுவரை ஈரப்பஞ்சை நிறுத்தக் கூடாது.