மலைராஜா லோரி

கதவு இல்லை. பின்விளக்கு இல்லை. பதிவு எண் பலகையும் இல்லை. ஓட்டுநருக்குப் பின்னால் கனத்த இரும்புச் சட்டமும் எஃகு வடம் சுற்றிய உருளையும் மட்டும் உண்டு. பேராக் மாநிலத்தின் காட்டோரத் தோட்டங்களில் வளர்ந்த முதியவர்களிடம் இப்படி ஒரு வண்டியை விவரித்துப் பாருங்கள். “லோரி ஹந்துவா?” என்று கேட்பார்கள். மலாய்மொழியில் அதற்குப் பேய் லோரி என்று பொருள். வெட்டுமரத் தொழிலில் இருந்த சீனர்கள் அதைச் ‘சான் தாய் வோங்’, அதாவது மலைராஜா என்று அழைத்தனர். ஒரு பெயர் தோற்றத்தைப் பார்த்து வந்தது. மற்றொன்று வலிமையைப் பார்த்து வந்தது.

இந்த ராஜாவின் முன்னோர் போர்க்களத்திலிருந்து வந்தவர்கள். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவின் ஜி.எம்.சி. நிறுவனம் 1941 முதல் 1945 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இரண்டரை டன் லோரிகளைத் தயாரித்தது. படைவீரர்கள் அதற்கு ‘ஜிம்மி’ என்று செல்லப்பெயர் வைத்தனர். சாதாரண லோரியில் பின்சக்கரங்களை மட்டுமே இயந்திரம் சுழற்றும். முன்சக்கரங்கள் வெறுமனே உருளும். ஜிம்மியிலோ மூன்று அச்சுகளுக்கும் விசை சென்றது. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினாலும் மற்றவை தரையைப் பற்றிக்கொள்ளும். கனடாவில் செய்யப்பட்ட ஃபோர்டு, செவர்லே லோரிகளும் பிரிட்டிஷ் படைகளிடம் ஏராளமாக இருந்தன. 1945இல் போர் முடிந்ததும் இத்தகைய வண்டிகள் வேண்டாத சரக்காயின. மலாயாவில் மரம் வெட்டியவர்கள் பழைய இராணுவ லோரிகளை வாங்கிக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

பழைய அமெரிக்க பிக்கப் வண்டியை வாங்கி, உயரத்தைத் தாழ்த்தி, பளபளக்கும் வண்ணம் பூசிக் கண்காட்சிக்குக் கொண்டுபோகும் ஆர்வலர்கள் உலகெங்கும் உண்டு. அங்கே மாற்றம் அழகுக்காக. இங்கே வேலைக்காக. செங்கால் மரம் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய ஒரு டன் எடையிருக்கும். பத்துப் பேர் சேர்ந்தாலும் அத்தகைய கட்டையை லோரியில் ஏற்றுவது பெரும்பாடு. எனவே, லோரியின் இயந்திரத்தையே ஏற்றும் வேலைக்கும் பயன்படுத்தினார்கள். சக்கரங்களுக்குச் செல்லும் விசையின் ஒரு பகுதியைத் தனித் தண்டு வழியாக உருளைக்குத் திருப்பினார்கள். உருளை சுழலும், வடம் இறுகும், புதருக்குள் கிடக்கும் கட்டை மெல்ல நகர்ந்து லோரியை நோக்கி வரும். இரும்புச் சட்டம் வடத்தை உயரத்தில் தாங்குவதால் கட்டையைத் தூக்கவும் முடிந்தது. பழைய பெட்ரோல் இயந்திரம் ஓய்ந்தபின் டீசல் இயந்திரம் பொருத்தப்பட்ட வண்டிகளும் உண்டு. இவற்றைச் செய்தவர்கள் பட்டறைக்காரர்கள். அவர்களின் கைத்திறன் குறைத்து மதிக்கத்தக்கதன்று.

1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்ட இம்மாநிலத்தில், பல ரப்பர்த் தோட்டங்கள் இன்று செம்பனைக்கு மாறிவிட்டன. ‘லோரி ஹந்து’ என்ற பெயரும் காட்டைவிட்டு வெளியே வந்துவிட்டது. பதிவில்லாமல் தோட்டங்களில் ஓடும், விருப்பம்போல் மாற்றியமைக்கப்பட்ட பழைய லோரிகளையும் இப்போது மக்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, பொதுச்சாலையில் ஓடும் வண்டிக்குப் பதிவும் காப்புறுதியும் வேண்டும். அதன் அமைப்பை மாற்றச் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியும் வேண்டும். இரண்டரை டன்னுக்காக அமைந்த பிரேக், அதைவிடப் பெரிய சுமையை இறக்கத்தில் நிறுத்துமா என்பதை யாராவது சோதித்துப் பார்க்கத்தானே வேண்டும்?

தோட்டத்துச் செம்மண் பாதை தார்ச்சாலையில் வந்து சேரும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள். பாதையின் உட்புறத்தில், ஆமை வேகத்தில், அது மலைராஜாதான். அதே வண்டி இரவில் தார்ச்சாலைக்கு ஏறினால், பின்னால் மோட்டார் சைக்கிளில் வேலை முடிந்து வீடு திரும்பும் ஒருவருக்கு அது கண்ணில் படுவதே இல்லை. மிக அருகில் வந்த பிறகுதான், இருட்டுக்குள் ஏதோ நிற்பது தெரியும்.