கிழவி அழைத்த பெயர்

நுழையும்முன்

காவிரிக்கரையில் வழங்கும் கதைகளுள் சில, ஏடுகளைக் காட்டிலும் திருவிழாக்களில்தான் உயிரோடு இருக்கின்றன. ஜீயபுரத்து மூதாட்டியின் கதை அத்தகையது. பேரனைத் தொலைத்த ஒரு கிழவியின் அழுகையும், திருவரங்கத்து அறிஞர்கள் கையாண்ட பூனைக்குட்டி உவமையும் ஒரே வினாவைச் சுற்றி வருவதை இப்பாடம் எடுத்துக்காட்டுகிறது.

இரண்டு ரங்கன்கள்

திருச்சிராப்பள்ளியிலிருந்து கரூர் செல்லும் சாலையும் இருப்புப்பாதையும் காவிரியின் தென்கரையை ஒட்டியே மேற்கு நோக்கிச் செல்கின்றன. அவ்வழியில் முக்கொம்புக்கு அருகே அமைந்த ஊர் ஜீயபுரம். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடபால் பிரிவது கொள்ளிடம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலமே திருவரங்கத் தீவு. ‘அரங்கம்’ என்னும் சொல்லுக்கே ஆற்றிடைக்குறை என்பது பொருள். எனவே, இப்பகுதியில் தம் பிள்ளைக்கு ரங்கன் என்று பெயரிடுவோர் இறைவனின் பெயரையும் ஆற்றின் நினைவையும் சேர்த்தே இடுகின்றனர். ஜீயபுரத்துக் கதை முழுவதும் இந்த ஒரு பெயரின்மீதுதான் நிற்கிறது.

அவ்வூரில் மூதாட்டி ஒருத்தி தன் பேரன் ரங்கனுடன் வாழ்ந்துவந்தாள். அவனையன்றி அவளுக்கு வேறு துணையில்லை. ஒருநாள் அவன் முகம் மழித்துக்கொள்ளச் சென்றான். மழித்தபின் நீராடாமல் வீட்டுக்குள் நுழைவது வழக்கமன்று. ஆகவே, ஆற்றில் இறங்கினான். காவிரியின் வெள்ளம் அவனை இழுத்துச் சென்றது. வீட்டில் கிழவி பழையசோற்றையும் கீரையையும் எடுத்துவைத்துக் காத்திருந்தாள். நேரம் கடந்தது. அவள் வாசலுக்கும் கரைக்குமாக நடந்தாள், “ரங்கா! ரங்கா!” என்று கூவினாள். ‘குட்டிபோட்ட பூனைபோல’ என்று தமிழர் சொல்லும் அந்தத் தவிப்பு அவளுடையது.

அக்குரலுக்கு விடையாக ரங்கன் வந்தான். மழித்த முகமும் நனைந்த உடலுமாக வந்து அமர்ந்தான். பாட்டி இட்ட சோற்றை உண்டான். அவளும் ஆறுதல் அடைந்தாள். வந்தவன் திருவரங்கத்து அரங்கன் என்பதை அவள் அறியவில்லை. வெள்ளத்தில் போன பேரனோ திருவரங்கத்தில் கரையொதுங்கி, பிழைத்து, கோயிலில் வழிபட்டுவிட்டு ஊர் திரும்பினான். வாசலில் ஒரு ரங்கன் நிற்க, உள்ளே ஒரு ரங்கன் உண்டுகொண்டிருக்கக் கண்டாள் கிழவி. கண்டு திகைத்த அந்நொடியில் உள்ளே இருந்தவன் மறைந்தான்.

சொல்வோர்க்கேற்பக் கதையின் நுணுக்கங்கள் சற்றே மாறும். கிழவி, வெள்ளம், சோறு, ஒரே பெயர் ஆகிய நான்கும் மாறுவதில்லை.

அழைக்கப்படாதவன்

இக்கதையில் கூர்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. கிழவி இறைவனை அழைக்கவேயில்லை. அவள் வேண்டுதல் செய்யவில்லை, நோன்பு நோற்கவில்லை. அவள் அழைத்தது தன் பேரனை. அந்தப் பெயருக்கு உரிய மற்றொருவன் அக்குரலைத் தனக்கானதாக எடுத்துக்கொண்டான்.

அவன் வந்து செய்த செயலும் வியப்புக்குரியது. வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தியதாகக் கதை கூறவில்லை. பேரனைக் கையில் ஏந்திவந்து கொடுத்ததாகவும் கூறவில்லை. பேரன் திரும்பும்வரை இருந்த சில நாழிகைகளில் அவன் இடத்தை நிரப்பினான், அவ்வளவே. மாண்டவர்க்காக அழுவதற்கு ஒரு முறை உண்டு; கூடியழ உறவினர் வருவர். இன்னும் வராதவருக்காகக் காத்திருப்போர்க்கு அவ்வாறு எதுவும் இல்லை. அவர்கள் அழவும் முடியாது, அமரவும் முடியாது. அந்த நேரத்தின் துயரை அறிந்தவர்களே இக்கதையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆற்றங்கரை ஊர்களில் அத்தகையோர் எக்காலத்தும் இருந்திருப்பர்.

மதுரையில் வழங்கும் வந்திக் கிழவியின் கதையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. அங்கும் ஆறு பெருகுகிறது. அங்கும் துணையற்ற முதியவள் ஒருத்தி. அங்கும் உணவு உண்டு. வையையின் கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்னும் அரசாணைக்கு அனுப்ப ஆளில்லாத வந்திக்காகச் சிவபெருமான் கூலியாளாக வந்து, பிட்டைக் கூலியாகப் பெற்று மண் சுமக்கிறார். ஆயினும், வேறுபாடு பெரிது. வந்திக்கு வேண்டியிருந்தது ஓர் ஆள். எவர் வந்தாலும் போதும். ஜீயபுரத்துக் கிழவிக்கு வேண்டியிருந்தது அந்த ஒருவன் மட்டுமே. ஆகையால், அவனாகவே வரவேண்டியிருந்தது. இது வஞ்சனை ஆகாதா என்று கேட்கலாம். ஆகும் என்றே தோன்றுகிறது; கதையும் அதை மறைக்காமல், இரண்டு ரங்கன்களையும் கிழவியின் கண்முன் நிறுத்திவிடுகிறது.

பூனையும் குரங்கும்

அழைக்காமலே வரும் அன்பைப் பற்றித் திருவரங்கத்து வைணவ அறிஞர்கள் நெடுங்காலம் ஆராய்ந்துள்ளனர். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட உவமை பூனை.

தமிழில் பூனைக்கு நற்பெயர் குறைவு. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பது பழமொழி. கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டதாக நினைப்பதும் பூனையே. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் தவம் செய்வதுபோல் முன்கால்களை உயர்த்தி நிற்கும் பூனையும், அதனருகே எலிகளும் செதுக்கப்பட்டுள்ளன. போலித் துறவியின் உருவம் அது. குறுக்கே போனால் சகுனத்தடை என்பது ஊரார் நம்பிக்கை. இவ்வளவு பழி சுமந்த விலங்கை இறைவனின் அன்புக்கு உவமையாக்கத் துணிவு வேண்டும்.

ஈன்ற பூனை தன் குட்டிகளை ஓரிடத்தில் வைப்பதில்லை. இடர் எனத் தோன்றினால் ஒவ்வொன்றாகக் கவ்விச் சென்று வேறிடத்தில் சேர்க்கும். பிறந்த சில நாள்வரை குட்டிக்குக் கண் திறப்பதில்லை. தாய் பிடரியைக் கவ்வியதும் குட்டி கால்களை மடக்கி அசையாமல் தொங்கும். தன்னைத் தாங்குவது யார், கொண்டுசெல்லும் இடம் எது என்பது அதற்குத் தெரியாது. அது செய்யக்கூடியது கத்துவது ஒன்றே. குரங்குக்குட்டியின் நிலை வேறு. தாய் கிளைவிட்டுக் கிளை தாவும்போது குட்டிதான் தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பிடி தளர்ந்தால் விழ நேரும்.

இவ்விரண்டையும் முறையே மார்ச்சார நியாயம், மர்க்கட நியாயம் என்பர். இறையருளுக்கு உயிரின் முயற்சி காரணமாக வேண்டியதில்லை என்பது பூனை நெறி. இது தென்கலையாரின் கொள்கை. சிறிதளவேனும் உயிரின் பற்றுதல் வேண்டும் என்பது குரங்கு நெறி. இது வடகலையாரின் கொள்கை. முன்னதற்குப் பிள்ளை லோகாசாரியரையும் பின்னதற்கு வேதாந்த தேசிகரையும் முதன்மையாகக் கொள்வர். கலைப்பிரிவு முழுமையாக உருப்பெற்றது அவர்கள் காலத்துக்குப் பின்னரே.

ஜீயபுரத்துக் கிழவியை எந்நெறியில் சேர்ப்பது? அவள் எதையும் பற்றவில்லை. யாரைப் பற்றுவது என்பதும் அவளுக்குத் தெரியாது. கண் திறவாத குட்டிபோல் இருளில் கத்தினாள். ஆனால், அவள் விடாமல் கூவியதே ஒரு பற்றுதல் என்று மறுதரப்பார் வாதிடவும் இடமுண்டு. அவள் கூவாமல் இருந்திருந்தால் அரங்கன் வந்திருப்பானா என்பதற்குக் கதையில் விடையில்லை.

தொலைந்த பெருமாள்

இவ்வாதங்கள் நிகழ்ந்த நகரம் இழப்பை நேரில் கண்ட நகரம். 1323ஆம் ஆண்டு தில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியது. அப்போது முதியவராயிருந்த பிள்ளை லோகாசாரியர் உற்சவத் திருமேனியை எடுத்துக்கொண்டு அடியார்களுடன் தெற்கு நோக்கிச் சென்றார் என்றும், மதுரையை அடுத்த ஜோதிஷ்குடியில் உயிர் நீத்தார் என்றும் வைணவ மரபு கூறுகிறது. அதே தாக்குதலின்போது வேதாந்த தேசிகர் பிணக்குவியலிடையே மறைந்திருந்து ‘சுருதப்பிரகாசிகை’ என்னும் நூலின் ஏடுகளைக் காத்தார் என்பதும் மரபுவழிச் செய்தியே. பூனை நெறிக்கு உரியவர் திருமேனியைச் சுமந்தார். குரங்கு நெறிக்கு உரியவர் ஏட்டைப் பற்றிக்கொண்டார்.

திருமேனி கேரளம், மேல்கோட்டை, திருமலை எனப் பல இடங்களில் தங்கி, 48 ஆண்டுகளுக்குப் பின் 1371இல் விசயநகர அதிகாரி கோபணரின் முயற்சியால் அரங்கம் மீண்டது. அதற்குள் ஒரு தலைமுறையே மாறியிருந்தது. திரும்பி வந்தது அதே திருமேனிதானா என்ற ஐயம் எழுந்தது. முதுமையில் கண்ணிழந்த சலவைத் தொழிலாளி ஒருவர், திருமேனியில் சாத்திய ஆடையின் ஈரத்தைச் சுவைத்து, அதன் மணத்தால் அடையாளம் கண்டு, “இவரே நம்பெருமாள்” என்றார் எனக் கோயில் மரபு சொல்கிறது. கிழவியின் வாசலில் எழுந்த அதே வினா இங்கே கோயிலின் வாசலில் எழுந்தது: வந்திருப்பவன் நம்மவன்தானா?

பங்குனியில் ஒருநாள்

கிழவியின் கதை ஆண்டுதோறும் நடிக்கப்படுகிறது. பங்குனித் திருவிழாவின் தொடக்க நாள்களில் நம்பெருமாள் பல்லக்கில் காவிரியைக் கடந்து ஜீயபுரம் வருகிறார். மேட்டூர் அணை வழக்கமாக சனவரி 28இல் மூடப்பட்டு சூன் 12இல் திறக்கப்படுவதால், பங்குனியில் ஆறு பெரும்பாலும் மணலாகவே கிடக்கும். பேரனை இழுத்துச் சென்ற ஆற்றில் அன்று அச்சமில்லை.

அக்காரவடிசலும் பொங்கலும் அன்றன்று சமைத்துப் படைக்கப்படும் கோயிலின் பெருமாளுக்கு, ஜீயபுரத்து மண்டபத்தில் பழையசோறும் மாவடுவும் படைக்கப்படுகின்றன. முதல்நாள் வடித்து நீரூற்றி வைத்த சோறு பொதுவாகக் கோயில் படையலுக்கு உரியதன்று. உழவரும் கூலியாளரும் காலையில் உண்டு வேலைக்குச் செல்லும் உணவு அது. மாவடு அப்பருவத்தில் கிடைப்பது. திரண்டிருக்கும் மக்களுள் பேரப்பிள்ளைகளைக் கைபிடித்து வந்த முதிய பெண்கள் பலர் இருப்பர்.

மறைந்தவன் போனபின் கிழவி என்ன செய்தாள் என்று கதை சொல்வதில்லை. பேரன் கிடைத்துவிட்டான். ஆனாலும், தன் கையால் சோறிட்ட மற்றொருவன் பாதி உண்ட நிலையில் எழுந்து போனதும் அவளுக்கு நேர்ந்ததே. அவளுக்குப் பெயர்கூடக் கதையில் இல்லை. அவள் வைத்த சோற்றை உண்ணத்தான் நம்பெருமாள் ஒவ்வோர் ஆண்டும் ஜீயபுரத்துக்கு வருகிறார். மாலையானதும் பல்லக்கு மீண்டும் ஆற்று மணலை நோக்கித் திரும்புகிறது.