சிட்டிங் ரூமும் ஓர் அறைதான்

பிரிட்டனில் இருக்கும் ஒருவர் ஊரிலிருந்து மனைவியையோ கணவரையோ கூப்பிடப்போகிறார் என்று தெரிந்தால் போதும், ஈஸ்ட்ஹாமிலிருந்து ஹரோ வரை ஆளுக்கொரு சட்டம் சொல்லுவார்கள். வருமானக் கணக்கில் பெரிய குழப்பமில்லை. 2024 ஏப்ரலிலிருந்து புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு ஆண்டுக்கு 29,000 பவுண்ட் என்பது பலருக்கும் மனப்பாடம். வீடு என்று வந்தால்தான் கதைகள் பெருகுகின்றன.

“சொந்த வீடு வேண்டும், குறைந்தது தனி வீடாவது வேண்டும்.” இரண்டும் தேவையில்லை. வாடகை வீடு போதும். பெற்றோர் வீடு, அண்ணன் வீடு, பிறரோடு பங்கிட்டு இருக்கும் வீடு எல்லாமே ஏற்கப்படும். தம்பதிக்கென்று ஓர் அறையாவது ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். குசினியையும் குளியலறையையும் மற்றவர்களோடு பகிரலாம். வீடு வேறொருவருடையது என்றால், இன்னார் இங்கே வந்து தங்கச் சம்மதம் என்று உரிமையாளர் எழுதிய கடிதம் வேண்டும். அண்ணனே வாடகைக்கு இருந்தால் அண்ணனின் கடிதத்தோடு வீட்டுக்காரரின் கடிதத்தையும் சேர்த்து வையுங்கள்.

“சிட்டிங் ரூமில் ஆள் படுத்தால் விசா போச்சு.” அதிகம் பேரைப் பயமுறுத்தும் கதை இதுதான். நெரிசலை அளக்க இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பயன்படுவது 1985ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம். அதன் கணக்கில் சிட்டிங் ரூமும் படுக்கத்தக்க அறைதான். 1935இல் நகரங்களின் நெரிசலைச் சமாளிக்க வகுத்த அளவுகோலின் வழி வந்த சட்டம் அது; நம் உறவினர்களைவிட அது எவ்வளவோ தாராளம்.

கணக்கு இப்படி: ஓர் அறைக்கு 2 பேர், இரண்டு அறைக்கு 3, மூன்று அறைக்கு 5, நான்கு அறைக்கு ஏழரை, அதற்கு மேல் அறைக்கு 2 வீதம். ஒரு வயது நிரம்பாத குழந்தை கணக்கில் வராது. ஒன்று முதல் பத்து வயதுக்குள் உள்ள பிள்ளை அரை ஆள். ஆக, இரண்டு படுக்கையறையும் ஒரு சிட்டிங் ரூமும் உள்ள வீட்டில் தாய், தகப்பன், மணமாகாத தங்கை, புதுத் தம்பதி என ஐந்து பேர் இருக்கலாம். அதே வீட்டில் அக்காவின் ஆறு வயது மகளும் தங்கியிருந்தால் ஐந்தரை, நெரிசல் என்றாகிவிடும். இதோடு இன்னொரு நிபந்தனை: பத்து வயது கடந்த, தம்பதி அல்லாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் படுக்க நேரக்கூடாது. அண்ணன் தங்கைக்கும் இது பொருந்தும்.

“மூன்று படுக்கையறை, தாராளமாகப் போதும்.” அந்த மூன்றாவது அறையின் நீள அகலத்தை அளந்தீர்களா? பழைய வீடுகளின் பாக்ஸ் ரூம் 50 சதுர அடிக்குக் குறைந்தால் அது அறையாகவே எண்ணப்படாது. 50 முதல் 70க்குள் அரை ஆள், 70 முதல் 90க்குள் ஒருவர், 90 முதல் 110க்குள் ஒன்றரை, 110க்கு மேல் இருவர். அறை எண்ணிக்கை, பரப்பளவு என்ற இரண்டு கணக்கில் எது குறைவோ அதுதான் செல்லும். 130, 120, 95 சதுர அடி அறைகளோடு 60 சதுர அடிப் பாக்ஸ் ரூம் என்றால், நான்கு அறைக்கு ஏழரை என்று மகிழ முடியாது. பரப்பளவுப்படி 6 பேர்தான்.

“கவுன்சில் வீட்டில் இருப்பவர் கூப்பிட முடியாது.” கூப்பிடலாம். துணை வருவதால் கூடுதல் அரசு உதவி கேட்க நேரக்கூடாது, அவ்வளவுதான். வாடகை ஒப்பந்தத்தில் ஆள் சேர்க்கக் கவுன்சிலின் அனுமதி கேட்டிருந்தால் அதைப் பெற்றுவிடுங்கள்.

“வீட்டைப் பார்வையிட்டு ஒருவர் தரும் அறிக்கை கட்டாயம்.” விதி அப்படிக் கேட்கவில்லை. ஆள் கணக்கு எல்லையை உரசும்போது, அல்லது வீட்டின் நிலை பற்றிக் கேள்வி எழலாம் என்றால் அது உதவும். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் வீண்செலவு. வீட்டுப் பதிவேட்டின் பிரதி அல்லது வாடகை ஒப்பந்தம், சம்மதக் கடிதம், கவுன்சில் வரிச் சீட்டு ஆகியவற்றை ஒழுங்காக வைத்தாலே அநேகருக்குப் போதும்.

கடைசியாக, யாரும் வாய்விட்டுச் சொல்லாத நம்பிக்கை ஒன்று உண்டு: “மாடியில் இருக்கும் வாடகைப் பையனை எழுதத் தேவையில்லை, அவன் சொந்தக்காரன் இல்லையே.” வீட்டில் படுக்கும் எல்லோரும் கணக்கில் உண்டு. மறைத்தது தெரிந்தால் நெரிசல் போய்ப் பொய் சொன்ன குற்றச்சாட்டு வந்து நிற்கும். அது அடுத்த விண்ணப்பத்துக்கும் கூடவே வரும். படிவத்தைத் திறக்குமுன் ஒரு தாளில் வீட்டில் இருப்போர் பெயரும் வயதும், எதிரே ஒவ்வோர் அறையின் அளவும் எழுதிப் பாருங்கள்.