மைல் கணக்கும் மேல் வகுப்பும்

மேற்படிப்புக்குக் கடல் கடக்கவிருக்கும் நண்பர்களே! பறப்பவர்களுக்கு விமானக் கம்பெனிகள் ‘மைல்’ வழங்குவதை அறிவீர்கள். 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிய ‘அட்வான்டேஜ்’ திட்டத்திற்குப் பின் இவ்வழக்கம் எங்கும் பரவியது. சேர்த்த மைல்களைக் கொடுத்துச் சாதாரண வகுப்பிலிருந்து மேல் வகுப்புக்கு மாறலாம்.

ஆனால் ஒரே வகுப்பிலும் சீட்டுகள் பல கட்டணங்களில் விற்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து உண்டு. மிக மலிவானவை பெரும்பாலும் இம்மாற்றத்திற்கு இடந்தரா. முழங்கால் வலியுள்ள என் தாயாருக்காக நான்காண்டுகள் மைல் சேர்த்தேன். மலிவுச் சீட்டை வாங்கி அத்தனையையும் வீணாக்கினேன். 15 மணி நேரமும் அவர் காலை நீட்ட இயலாமல் வந்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஆகவே முதலில் எழுத்தை விசாரியுங்கள். மேல் வகுப்பில் இடமுண்டா என்று பாருங்கள். பிறகு பணம் கட்டுங்கள்.